ராத்திரி ரயில்ல தூக்கம்: அப்பர் பெர்த்தா, லோயர் பெர்த்தா?

#1 பொருநைக்கரை
மருந்துக் கம்பெனி வேலை. பதினோரு வருஷமா மாசம் ரெண்டு தடவை எழும்பூர்ல ஏறி திருநெல்வேலியில இறங்குறேன். இறங்கினதும் குளிச்சிட்டு ஒன்பது மணிக்கு முதல் டாக்டர் வாசல்ல நிக்கணும். ரயில்ல தூங்கலைன்னா அன்னிக்குப் பொழப்பே போச்சு. அதனால இதை விளையாட்டாச் சொல்லலை.

டிக்கெட் போடும்போது "லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும்" கட்டத்தை எப்பவும் டிக் பண்ணணும்னு போன வாரம் இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். நான் நேர் எதிர். தூக்கம் வேணும்னா அப்பர் பெர்த்தான்.

லோயர்ல இருக்கிறவர் தனக்குத் தூக்கம் வரும்போது படுக்க முடியாது. மிடில்காரர் சாப்பிட்டு, கை கழுவி, வீட்டுக்குப் பேசி முடிக்கணும். அதுவரைக்கும் அது எல்லாருக்கும் பெஞ்சு. விடியக்காலை நாலரைக்கு யாரோ கால்மாட்டுல உக்காந்து ஷூ போடுவாங்க. அப்பர்ல இந்தத் தொல்லையே கிடையாது. எட்டு மணிக்குத் தூக்கம் வந்தா எட்டு மணிக்கே ஏறிப் படுக்கலாம், யாரையும் எழுப்ப வேண்டாம். பை தலைமாட்டுலயே இருக்கும்.

என் வழக்கம் இதுதான். ரெக்ஸின் மேல லுங்கியை ரெண்டா மடிச்சு விரிப்பேன், இல்லைன்னா வேர்வையில முதுகு ஒட்டிக்கும். காத்துத் தலையணையைப் பாதிதான் ஊதணும். முழுசா ஊதினா கழுத்து நிமிர்ந்துக்கும், வண்டி ஆடும்போது தலை உருளும். தலை ஜன்னல் பக்கம், கால் நடைபாதைப் பக்கம். கண்ணு மேல ஒரு கைக்குட்டை. விழுப்புரம் வர்றதே தெரியாது.

#2 கல்யாணி டீச்சர்
தம்பி, உங்கள் வயதில் நானும் அப்பர்தான் கேட்டு வாங்குவேன். இப்போது எனக்கு 63. இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. போன வருடம் பேரன் பேத்திகளோடு போனபோது எனக்கு அப்பர் வந்தது. நள்ளிரவில் பாத்ரூம் போக வேண்டும். எரிவது நீல விளக்கு மட்டும். குப்புறப் படுத்து, காலைத் தொங்கவிட்டு ஏணிப்படியைத் தேடுகிறேன். கால் பட்டது படியில் அல்ல, மிடிலில் தூங்கிய பிள்ளையின் கையில். பாவம், அலறி எழுந்தது. நான் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கீழே வந்தால் செருப்பு இல்லை, யாரோ மிதித்துத் தள்ளியிருக்கிறார்கள். அன்று மறுபடி மேலே ஏறவில்லை. விடியும்வரை பேத்தியின் கால்மாட்டில் உட்கார்ந்தே வந்தேன்.

இடையில் எழ வேண்டியிராதவருக்குத்தான் உங்கள் கணக்குப் பொருந்தும். சர்க்கரை உள்ளவர், பிராஸ்டேட் தொல்லை உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, இவர்களெல்லாம் இரவில் இரண்டு மூன்று தடவை எழ வேண்டியவர்கள். அவர்களுக்கு நிம்மதி லோயரில்தான்.

#3 இரும்புப்பாதை
பெட்டி பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். அப்பரா லோயரா என்று பார்ப்பதற்கு முன் நம்பரைப் பாருங்கள்.

பெட்டியின் எடை முழுவதும் இரண்டு முனைகளிலும் இருக்கும் போகிகள், அதாவது சக்கரச் சட்டங்கள் மேல் நிற்கிறது. தண்டவாளத்தின் தட்டல், பாயிண்டில் தடம் மாறும்போது வரும் உலுக்கல் எல்லாம் அங்கே நேராக ஏறும். நடுப்பகுதியில் அவ்வளவு தெரியாது. முனைகளில் இன்னொரு தொந்தரவு கக்கூஸ் கதவு. ஒவ்வொரு ஆளும் போய் வரும்போது டமார் என்று சாத்தும், விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கும். 3ஆம் நம்பர் அப்பரில் படுப்பவருக்கும் 35ஆம் நம்பர் அப்பரில் படுப்பவருக்கும் கிடைப்பது ஒரே தூக்கம் அல்ல.

பழைய ஐ.சி.எஃப். வகை ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை, இப்போது ஓடும் எல்.எச்.பி. வகைப் பெட்டியில் 80. எதுவானாலும் எட்டெட்டாக எண்ணுங்கள்: 1, 4 லோயர், 2, 5 மிடில், 3, 6 அப்பர், 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். 25இலிருந்து 48க்குள் வந்தால் நல்லது. எல்.எச்.பி. ஓட்டம் மெதுமை, ஆனால் புறப்படும்போதும் நிற்கும்போதும் இழுப்பு உண்டு.

#4 வைகை மீனா
டீச்சரம்மா சொல்றது வலிக்குது, ஆனாலும் நான் அப்பர் கட்சிதான். காரணம் வேற.

எனக்கு 26. சென்னையில வேலை, ஊர் மதுரை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தனியா லோயர்ல வந்தேன். ரெண்டு மணி இருக்கும், காலுக்குப் பக்கத்துல பாரமா ஏதோ தெரிஞ்சு முழிச்சேன். ஒரு ஆள் என் பெர்த் ஓரத்துல உக்காந்திருக்கான். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கணும், அதான்"னு சொன்னான். அவன் கை என் போர்வை மேல இருந்துச்சு. சத்தம் போட்டேன், எதிர் பெர்த் அண்ணன் எழுந்தார், அவன் போயிட்டான். அப்புறம் நான் தூங்கவே இல்லை.

139க்குப் போன் பண்ணினா ரயில்வே போலீஸ் உதவிக்கு வருவாங்கன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. தனியாப் போற பொண்ணுங்க அந்த நம்பரை மறக்காதீங்க. அன்னிலேர்ந்து நான் அப்பர்தான். ஏணியில ஒருத்தன் கால் வெச்சாலே தெரிஞ்சுடும்.

#5 கல்யாணி டீச்சர்
மீனா, உனக்கு நான் மறுத்துப் பேச மாட்டேன் அம்மா. நீ மேலேயே படு.

#6 எஸ் ஏழு
யாரும் மிடில் பெர்த் பத்திப் பேசவே இல்லையே. சண்டை வர்றதே அங்கதான்.

விதி: ராத்திரி 10 முதல் காலை 6 வரை படுக்கை நேரம். 2017க்கு முன்னாடி 9 மணியா இருந்துச்சு. அந்த எட்டு மணி நேரம் மிடில்காரர் தன் பெர்த்தைப் போட்டுப் படுக்கலாம், லோயர்காரர் "இன்னும் உக்காரணும்"னு தடுக்க முடியாது. சைடு அப்பர்காரரும் அந்த நேரத்துல சைடு லோயர்ல உரிமையா உக்கார முடியாது. ஆறு மணியானா மிடிலை இறக்கியே ஆகணும், அதையும் சேர்த்துச் சொல்றேன்.

போன மாசம் பத்தே முக்காலுக்கு ஒரு குடும்பம் என் கீழ லோயர்ல புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சாங்க. நான் காத்தாலயிலேர்ந்து நின்னு வேலை பாத்துட்டு வந்தவன். கேட்டா, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்". எத்தனை தடவை அட்ஜஸ்ட் பண்றது? நாமளும் காசு கொடுத்துத்தானே போறோம்.

#7 கல்யாணி டீச்சர்
பத்தே முக்காலுக்குச் சாப்பிட்டது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டரைக்கே மிடிலைத் தூக்கி மாட்டிவிட்டுப் படுக்கும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். லோயரில் நிமிர்ந்து உட்கார முடியாது, முதுகை வளைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம். படுக்கவும் முடியாது, ஏனென்றால் அப்பர்காரரும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். விதி இரண்டு பக்கமும்தான்.

#8 பொருநைக்கரை
டீச்சர், அதுக்குத்தான் எட்டரைக்கே அப்பர்காரர் மேல ஏறிடணும்னு சொல்றேன். உங்களுக்கும் இடம் கிடைக்கும்.

#9 மே மாச மதியம்
அப்பர் புகழ் பாடுறவங்க யாரும் சித்திரை வைகாசியில ஏ.சி. இல்லாத ஸ்லீப்பர்ல போனதே இல்லையா? பகல் பூரா வெயில்ல நின்ன பெட்டி. கூரை கையை வெச்சாச் சுடும். படுத்தா அந்தக் கூரை மூஞ்சிக்கு ரெண்டடி மேல. ஜன்னல் காத்து அங்க வராது. ஃபேன் இருக்கு, ஆனா சுத்துறது அதே சூட்டுக் காத்துதான். திண்டிவனம் தாண்டினப்புறம்தான் கொஞ்சம் தணியும். லோயர்ல ஜன்னலைத் திறந்து வெச்சா செங்கல்பட்டு ஏரிக் காத்து அப்படியே உள்ள வரும்.

ஏ.சி.யில நிலைமை தலைகீழ். அப்பர்ல காத்து நேரா நெத்தியில இறங்கும். கொடுக்கிற கம்பளியை ரெண்டா மடிச்சாலும் விடியக்காலை மூக்கு அடைச்சிருக்கும்.

#10 வைகை மீனா
ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்குறீங்களா அண்ணா? வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது வெளியிலேர்ந்து கைய விட்டுக் கழுத்துச் செயினை இழுத்துட்டு ஓடுறாங்க. லோயர்ல ஜன்னல் பக்கம் தலை வெச்சுப் படுக்கிற அம்மாக்கள்கிட்ட ஷட்டரை இறக்கச் சொல்லுங்க. போனும் அப்படித்தான் போகும்.

#11 மே மாச மதியம்
அது நியாயம். நான் செயின் போடறதில்லை, அதனால தோணலை. வீட்டுல சொல்றேன்.

#12 இரும்புப்பாதை
மிடில், அப்பர் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை.

2024 ஜூனில் கேரளத்துப் பயணி ஒருவர் லோயரில் படுத்திருந்தபோது மேலிருந்த படுக்கை விழுந்து இறந்தார். படுக்கையில் பழுதில்லை, சங்கிலி சரியாக மாட்டப்படவில்லை என்றது ரயில்வே. எது எப்படியோ, ஒரு உயிர் போனது.

மிடிலைத் தூக்கியதும் கொக்கி வளையத்துக்குள் முழுதாக இறங்கியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்கு மாட்டியது போலத் தெரியும், நுனியில்தான் நிற்கும். பிறகு உள்ளங்கையால் படுக்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை பலமாக அழுத்துங்கள். சரியில்லாத கொக்கி அப்போதே சறுக்கிவிடும். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். மேலே படுப்பவர் செய்யாவிட்டால் கீழே படுப்பவர் எழுந்து செய்யுங்கள், சங்கடப்பட வேண்டாம். சங்கிலி பழுதாக இருந்தால் டி.டி.ஆரிடம் சொல்லி வேறு இடம் கேளுங்கள். அதில் படுக்காதீர்கள், யாரையும் படுக்கவும் விடாதீர்கள்.

#13 நெட்டையன்
ஆறடி ஒரு அங்குலம். எனக்கு அப்பரும் லோயரும் ஒண்ணுதான், சைடு வந்தாத்தான் அழுகை. சைடு பெர்த் நீளம் குறைவு, ரெண்டு பக்கமும் தடுப்பு, காலை நடைபாதைக்கும் நீட்ட முடியாது. பழைய பெட்டி சைடு லோயர்ல முதுகுச் சாய்வு ரெண்டையும் மடக்கிப் போட்டா நடுவுல ஒரு பிளவு, சரியா இடுப்புக்குக் கீழ. ஆர்.ஏ.சி.யா இருந்தா அதையும் ரெண்டு பேர் பங்கு போடணும். ராத்திரி பூரா எதிர் ஆளோட முழங்காலோட பேச்சுவார்த்தைதான். போர்வையை நாலா மடிச்சுப் பிளவுல திணிச்சா ஓரளவு படுக்கலாம்.

#14 பொருநைக்கரை
எல்லாத்தையும் படிச்சேன். அப்பர்தான் நல்ல தூக்கம்ங்கிறதை மாத்திக்க மாட்டேன். ஆனா டீச்சர் தொங்கிட்டு நின்னதைப் படிச்சதும் அம்மா ஞாபகம் வந்துருச்சு. அடுத்த மாசம் அவங்களைக் கூட்டிட்டுப் போறேன், 61 வயசு. டீச்சர், உங்களுக்கு எப்படி அப்பர் வந்துச்சு? மூத்தவங்களுக்குத் தானாவே லோயர் வரணுமே?

#15 கல்யாணி டீச்சர்
அதில்தான் நானும் ஏமாந்தேன் தம்பி. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் ஆறேழு லோயர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒதுக்கீட்டில், தகுதியுள்ள ஒருவரோ இருவரோ மட்டும் ஒரு டிக்கெட்டில் இருக்க வேண்டும். நான் பேரன் பேத்திகளையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் போட்டேன், பலன் போய்விட்டது. அம்மாவுக்குத் தனியாகப் போடுங்கள்.

#16 பொருநைக்கரை
தனியாப் போட்டுட்டேன். அம்மாவுக்கு 28. எனக்கு அதே பெட்டியில 46, அப்பர்.

#17 இரும்புப்பாதை
28 லோயர், நடுப்பகுதி. நல்ல இடம். படுப்பதற்கு முன் அம்மாவுக்கு மேலே இருக்கும் சங்கிலி இரண்டையும் நீங்களே போய் அழுத்திப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

#18 கல்யாணி டீச்சர்
ஒரு சின்ன டார்ச்சும் கொடுங்கள். செருப்பைக் கீழே விடாமல் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி 11 மணிக்கு மேல் சார்ஜ் பாயிண்டில் கரண்ட் வராது, காலை 5க்குத்தான். அம்மாவின் போனை முன்னதாகவே சார்ஜ் போட்டுவிடுங்கள்.