கோயிலைக் கூட்டிணைப்பது பற்றி ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் தேர் நிற்கும் தேர்முட்டிக் காணியின் உறுதி (உரிமைப் பத்திரம்), ஓரம் பொரிந்த மஞ்சள் தாளில், மூன்று பெரியவர்களின் பெயரில் இருக்கிறது. இருவர் காலமாகிவிட்டார்கள், மூன்றாமவர் கனடாவில் படுக்கையில் இருக்கிறார். தேர்முட்டியைத் திருத்தப் புறப்பட்டாலும், யார் கையொப்பமிடுவது என்ற கேள்வியிலேயே எல்லாம் நின்றுவிடுகிறது.

இந்தியாவில் மூலமூர்த்தியையே சட்டம் ஓர் ஆளாக ஏற்கிறது. இலங்கையில் கோயிலுக்கு அந்த நிலை இல்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தருமச் சொத்தாகவே அது பெரும்பாலும் பரிபாலிக்கப்படுகிறது. ஆனால், நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட, அதாவது சட்டத்தின் முன் தனி ஆளாக ஆக்கப்பட்ட, சபைக்கு, நிருவாகிகள் மாறினாலும் மாறாத பெயரும் பொது முத்திரையும் உண்டு. அது தன் பெயரிலேயே காணி வாங்கலாம், வழக்காடலாம், சபையின் கடன் உறுப்பினரின் வீட்டு வாசலுக்கு வருவதுமில்லை. சமய அமைப்புகள் பல இவ்வழியைத் தேர்ந்ததற்கு இதுவே முதற்காரணம் என எண்ணுகிறேன்.

எனினும், திருவிழாக்களைப் பரம்பரையாகப் பொறுப்பேற்று நடத்தும் உபயகாரரின் உரிமைகள் இதனால் குலைந்துவிடுமோ என்ற அச்சம் ஊரில் உண்டு. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன்.

மாவட்ட நீதிமன்றத்தில் பரிபாலனத் திட்டம் (கோயிலை நிருவகிக்கும் விதிமுறை) பெற்றவர்களும், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் சட்டமூலம் கொண்டுவந்தவர்களும், எவ்வழி எளிது என்பதையும், பழைய உறுதியைச் சபையின் பெயருக்கு எவ்வாறு மாற்றினீர்கள் என்பதையும் தயவுசெய்து அறியத்தாருங்கள்.