குடும்ப நாவல் ஒண்டு தேடுறம், உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. புதுக்குடியிருப்பில நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாசிக்கிறம். போன மாதம் வாசிச்சது, வீட்டுக் கட்டுப்பாடுகளுக்குள்ள வாழுற முஸ்லிம் பெண்களைப் பற்றித் தமிழ்நாட்டு எழுத்தாளர் சல்மா எழுதின ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, 2004இல வந்தது.

2009இல மனிசனைப் பறிகுடுத்த ஒரு அக்கா, அந்த நாவலில ஒரு பக்கத்தில பனையோலைத் துண்டு வைச்சுக் கொண்டு வந்தா. “நான் பொழுதுபட்டுப் படலையைத் தாண்டினாலும் ஊர் கதைக்குதுதானே” எண்டா. பிறகு கனநேரம் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

அவவுக்காகத்தான் கேக்கிறன். சாவு விழுந்த வீட்டில தனிச்சுப்போன பெண், தன்ர வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கிற குடும்ப நாவல் ஏதும் தெரியுமோ? போர்க்களக் கதை வேண்டாம், அது நாங்கள் பட்டது. கடைசியில அவளைச் சாகடிக்கிற கதையும் வேண்டாம். ஈழத்துப் பெண்கள் எழுதினதெண்டால் இன்னும் சந்தோசம். கிளிநொச்சியில ஆரும் இரவல் தந்தால் பஸ்ஸில வந்து வாங்குவன், பத்திரமாத் திருப்பித் தருவம்.