இரண்டு மாதப் பூனைக்குட்டிக்குப் பால்சோறு போதுமா?

மூணாவது மாடி:
போன புதன்கிழமை மழையில், எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்கூட்டருக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்துவிட்டேன். சாம்பல் நிறம், ஆண் என்று நினைக்கிறேன், சமையலறைத் தராசில் 650 கிராம் காட்டியது. நாங்கள் தாம்பரம். வீட்டில் சுத்த சைவம். அம்மா அன்றைக்கே பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, சோற்றைக் குழைத்துக் கிண்ணத்தில் வைத்தார். ஆசையாகத்தான் நக்கியது, ஆனால் மறுநாள் காலையிலிருந்து தண்ணீராகப் போகிறது, வால் எல்லாம் ஒரே நாற்றம்.

பால் சேரவில்லை என்றால் தயிர்சாதம் கொடு என்கிறார் அம்மா. கும்பகோணத்தில் தாத்தா வீட்டில் ஒரு பூனை பன்னிரண்டு வருஷம் பால்சோற்றிலேயே வளர்ந்ததாம், அதற்கு என்ன கேடு வந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து பெட் ஷாப்பில் பூனைக்குட்டிக்கு என்று சொல்லித்தான் ஒரு பாக்கெட் வாங்கினேன், வீட்டுக்கு வந்து பிரிக்கும்போதுதான் '1 வயதுக்கு மேல்' என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். அதையே ஊறவைத்துக் கொடுக்கலாமா? பூனை, அம்மா இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

நாகர்கோவில் பூனைக்காரி:
முதலில் பாலை நிறுத்துங்கள், இன்றைக்கே. தாய்ப்பால் மறக்க மறக்க, பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்கும் சக்தி குட்டிக்குக் குறைந்துகொண்டே போகும். அது ருசிக்காகக் குடிக்கும், வயிறு அதற்குக் கூலி கொடுக்கும். ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் வைத்தால் போதும்.

அப்புறம் அந்தக் கும்பகோணத்துப் பூனை. அது பால்சோற்றில் வளரவில்லைங்க! பால்சோறு அதற்குக் கொசுறு. ராத்திரி நெல் மூட்டைப் பக்கம் வந்த எலி, ஓட்டில் ஓடிய அணில், சுவரில் இருந்த பல்லி, இதெல்லாம் யாரும் கணக்கு வைக்காத சாப்பாடு. எங்கள் ஆச்சி வீட்டிலும் அதே கதைதான். உங்கள் மூன்றாவது மாடியில் குட்டிக்கு எலி எங்கே கிடைக்கும்? அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் என்னுடையதுக்கு நெத்திலியும் சாளையும்தான் (உங்கள் பக்கம் மத்தி) அவித்து முள் எடுத்துக் கொடுக்கிறேன். பாக்கெட் பக்கமே போனதில்லை.

கால்நடை படிக்கிறவன்:
பால் விஷயத்தில் அக்கா சொன்னது சரி, மீனில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். மீன் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் என்றால் பரவாயில்லை, தினமும் அதுவே என்றால் குட்டிக்கு ஆகாது. அதிலும் மத்தி மாதிரி சில மீன்களைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது, அவற்றில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. அக்கா அவிக்கிறார், அதனால் தப்பித்தது.

பூனைக்கு டாரின் என்று ஒரு சத்து வேண்டும். அதன் உடம்பு அதைப் போதிய அளவு தயாரிக்காது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும், சோற்றிலும் பருப்பிலும் கிடையாது. டாரின் குறைந்தால் முதலில் எதுவும் தெரியாது, மாதக்கணக்கில் போய் விழித்திரை கெடும், இதயத் தசை மெலிந்து இதயம் வீங்கும். 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இந்த இதயநோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான், கடையில் விற்கும் பூனைத் தீனிகளில் அதன் அளவைக் கூட்டினார்கள். நாய்த் தீனியைப் பூனைக்குப் போடக்கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

சரி, வெறும் கோழியை வேகவைத்துக் கொடுத்தால்? இரண்டு மூன்று நாள் வயிறு தேறும்வரை நல்லதுதான், உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாமல். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிக்கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. அதையே மாதக்கணக்கில் தின்னும் குட்டி கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், கடைசியில் கட்டிலிலிருந்து குதித்தாலே கால் முறியும். ஈரல் மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து அது வேறு தொல்லை.

அதனால் சைவ வீட்டுக்கு என் சிபாரிசு, குட்டிகளுக்கென்றே வரும் பாக்கெட்தான். வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையான உணவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். '1 வயதுக்கு மேல்' வேண்டாம். உலர் தீனியை வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. முடிந்தால் ஒரு வேளை ஈரத்தீனி, அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், பூனைகள் தாமாகத் தண்ணீர் குடிப்பது குறைவு. புதுத் தீனிக்கு ஒரேயடியாக மாற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாகக் கலந்து கூட்டுங்கள்.

பேதி ஒரு நாளில் நிற்கவில்லை, அல்லது சாப்பிடாமல் சுருண்டு படுத்தது என்றால் காத்திருக்காதீர்கள், இந்த எடையில் சீக்கிரம் நீர் வற்றிவிடும். தெருக்குட்டி என்பதால் பூச்சி மருந்தும் கட்டாயம். வயிறு மட்டும் பலூன் மாதிரி இருக்கிறதா?

நாகர்கோவில் பூனைக்காரி:
தம்பி, இரண்டு வருஷமாக மீன் மட்டும்தான் போகிறது. பயமுறுத்திவிட்டாய். நாளைக்கே ஒரு பாக்கெட் வாங்குகிறேன், அவன் தொடுவானா என்று பார்ப்போம்.

மூணாவது மாடி:
எல்லோருக்கும் நன்றி. வயிறு பலூன் மாதிரியேதான் இருந்தது! சனிக்கிழமை மின்சார ரயிலில் எழும்பூர் போய், வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் காட்டினேன். துணிக்கூடையில் வழியெல்லாம் கத்தியது, பெட்டி முழுக்க எங்களையே பார்த்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மறுநாள் நூல்நூலாக விழுந்தது (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்). பேதி நின்றுவிட்டது. இன்று எடை 740.

எலிக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாம், அது வாயில் எதையாவது கவ்விக்கொண்டுதான் வரும்" என்றார். இப்போது தீனியை ஊறவைப்பதும் அவர்தான், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு. அந்தப் பெரிய பூனை பாக்கெட்டைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன், அவர் ஷெட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன. எங்கள் குட்டியின் அம்மா அதில் ஒன்றாக இருக்கலாம், அதே சாம்பல் நிறம்.