ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஒரு ‘சாரி’

டைப் 1 அம்மா:
பொண்ணுக்கு ஒன்பது வயது, டைப் 1 சர்க்கரை நோய். போன வாரம் ராத்திரி இரண்டே முக்காலுக்குத் தொட்டுப் பார்த்தால் கழுத்தெல்லாம் வியர்வை. மீட்டரில் சர்க்கரை 54, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன், கண்ணைத் திறக்காமலே குடித்தாள். டம்ளரைத் திருப்பித் தரும்போது "சாரிம்மா" என்றாள். 200 தாண்டும்போதெல்லாம் "என்னத்தைத் தின்ன?" என்று நான் கத்துவதில் பழகிய சாரி அது. அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

சேலத்துக்காரன்:
உங்கள் பெண் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நான் ஒளிகிறவன். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே சோற்றை நிறுத்திவிடுவேன். வெறும் வயிற்றில் 108, ஆனால் மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c 9.1 சதவீதம், ரொம்ப அதிகம். டாக்டர் அந்த 9.1-ஐச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "யாரை ஏமாத்துறீங்க?" என்றார். கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சில் பத்துப் பேர். எட்டு மாதம் லேப் பக்கமே போகவில்லை. அந்த வட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தினமும் நடை:
எனக்குப் பதினோரு வருடமாகச் சுகர். தெரிந்த அன்று மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். சேலத்துக்காரரே, டாக்டர் திட்டியது உங்கள் நல்லதுக்கு. காலையில் 45 நிமிடம் நடங்கள். சோற்றைப் பாதியாக்கி, காயை இரண்டு மடங்காக்குங்கள். ராத்திரி எட்டுக்குள் சாப்பாட்டை முடியுங்கள். வாரம் இரண்டு நாள் பாகற்காய். அந்தம்மாவும் பாப்பாவுக்கு இனிப்பை அடியோடு நிறுத்திப் பாருங்கள், ஊசியே குறையும். மனசு உறுதியாக இருந்தால் சர்க்கரை தானாக அடங்கும்.

இன்சுலின் 19 வருடம்:
தயவுசெய்து அந்தம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள். டைப் 1 இனிப்பு தின்று வருவதில்லை, இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிறது. 54-க்கு மருந்தே சர்க்கரைதான். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, இந்தக் குழந்தைகளைப் பட்டினி போட்டே கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மனஉறுதி இல்லையா?

பள்ளியில் நான் கழிப்பறையில் நின்றுதான் ஊசி போடுவேன். ஒருநாள் வெளியே வந்தால், என் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு தோழி நின்றிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் நின்றாள்.

டைப் 1 அம்மா:
நேற்று ராத்திரி 61. எதுவும் கேட்காமல் டம்ளரை நீட்டினேன். குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன், 92.