மெம்பர்ஷிப்பைக் கடையே ரத்து செய்துவிட்டது, மீதிப் பணத்தை எப்படி வாங்குவது?

வணக்கம். இதே பிரச்சினையைச் சந்தித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

ஒரு ஆன்லைன் கடையில் ஒரு வருட மெம்பர்ஷிப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டியிருந்தேன். ஐந்து மாதம்கூட முழுதாக முடியவில்லை, ரத்து செய்துவிட்டதாக இரண்டு வரியில் மெயில் வந்தது. கேட்டால், பொருட்களை அதிகமாகத் திருப்பி அனுப்பினேனாம். நான் திருப்பியது மூன்றே மூன்று. அதில் ஒன்று கண்ணாடி ஜாடி. பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே சில்லுகள் கலகலத்தன. பிரிக்கும் முன்னே எடுத்த வீடியோகூட இருக்கிறது. உடைந்ததைத் திருப்பியதும் என் தப்பா?

மீதி மாதங்களுக்கான பணத்தைக் கேட்டால், சாட்டில் ஒருவர் "7 நாளில் வந்துவிடும்" என்கிறார், அடுத்தவர் "விதிமுறையில் இடமில்லை" என்கிறார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. மனசு விட்டுப்போகிறது. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேதி வாரியாக வைத்திருக்கிறேன்.

கார்டில்தான் கட்டினேன். வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்கலாம் என்று நினைக்கிறேன். விசா, மாஸ்டர்கார்டில் பொதுவாக 120 நாள் கெடு. பணம் கட்டி அதைத் தாண்டிவிட்டது. சேவை நின்ற நாளிலிருந்து கணக்கிடச் சொல்லி யாராவது வாதாடி வாங்கியிருக்கிறீர்களா? மீதி மாதங்களுக்கு மட்டும் கேட்டால் ஏற்பார்களா?

இன்னொரு பயம். அந்தக் கடையில் உள்ள என் கணக்கில் கிஃப்ட் கார்டு பணம் கொஞ்சம் கிடக்கிறது. சார்ஜ்பேக் போட்டதும் கணக்கையே பூட்டிவிட்டால்? அதை முதலில் செலவழித்துவிடட்டுமா, அல்லது கடையின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு வங்கிக்குப் போகட்டுமா?