தெ கீரிகோவின் ‘பியாட்சா திதாலியா’: பின்பக்கத்து நோட்டரி முத்திரையை எவ்வளவு நம்பலாம்?

செங்கோபுரம் கேட்டது:

வணக்கம். மிலானில் விற்பனைக்கு வந்திருக்கும் ஓர் ஓவியத்தின் விவரக்குறிப்பை வைத்துக் கேட்கிறேன். இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தெ கீரிகோ, ‘பியாட்சா திதாலியா’ (இத்தாலியச் சதுக்கம்), கித்தானில் எண்ணெய் வண்ணம், 40×50 செ.மீ. இடது கீழ் மூலையில் கையெழுத்து. ஆண்டு எழுதப்படவில்லை, 1930களின் நடுப்பகுதி என்று விற்பவர் சொல்கிறார். பின்பக்கத்தில் “நானே வரைந்து கையெழுத்திட்ட அசல்” என்று இத்தாலியனில் ஓவியரின் கையெழுத்திலேயே ஒரு வரி, அதன் கீழே நோட்டரி முத்திரை. கைமாறிய வரலாறு இரண்டே வரிதான்: “தனியார் சேகரிப்பு, மிலான்”, “தனியார் சேகரிப்பு, லுகானோ (சுவிட்சர்லாந்து)”. இவ்வளவு போதுமா? சோதிப்பதென்றால் எதிலிருந்து தொடங்குவது?

ஃபெராரா_வாசல்:

போதாது. நோட்டரி சான்றளிப்பது கையெழுத்துக்கு மட்டும்தான். “இவர் என் முன்னால் கையெழுத்திட்டார்” என்பதற்கு மேல் அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை. ஓவியம் எந்த ஆண்டு வரையப்பட்டது என்ற கேள்விக்கே அது போவதில்லை. தெ கீரிகோ விஷயத்தில் விலையைத் தீர்மானிப்பது அந்த ஆண்டுதான்.

காரணம் எல்லோரும் அறிந்தது. 1910களில் வரைந்த, ‘மெட்டஃபிசிக்கல்’ என்று பெயர்பெற்ற கனவு போன்ற ஓவியங்களை அவரே பின்னாளில் திரும்பத் திரும்ப வரைந்தார், சிலவற்றில் பழைய ஆண்டையும் போட்டார். ‘அமைதி குலைக்கும் கலைத்தேவியர்’ ஓவியத்தையே பாருங்கள். முதல் உலகப் போர்க்காலத்தில் ஃபெராராவில் வரைந்தது, 97×66 செ.மீ. பின்னால் அந்த ஊரின் எஸ்தே கோட்டை, முன்னால் மேடைப்பலகை போன்ற தரை, உட்கார்ந்திருக்கும் உருவத்தின் தலை கழற்றித் தரையில் வைத்திருக்கும். 1924லேயே பிரெஞ்சுக் கவிஞர் போல் எலுவாருக்காக இதைப் போல் இன்னொன்று வரைந்து கொடுத்தார். 1945க்கும் 1962க்கும் இடையில் மட்டும் குறைந்தது 18 பிரதிகள். அத்தனையும் அவர் கையால் வரைந்தவை, அத்தனையிலும் கையெழுத்து உண்மையானது.

அப்படியானால் முதல் படம் எது என்று எப்படித் தெரிகிறது? கைமாறிய வரலாற்றால். ஃபுளோரன்ஸில் ஜோர்ஜோ காஸ்தெல்ஃபிராங்கோ, பிறகு பிரெஷியா வழக்கறிஞர் பியேத்ரோ ஃபெரோல்டி, 1949ல் ஃபெரோல்டியின் சேகரிப்பை வாங்கிய ஜான்னி மத்தியோலி. ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு. “தனியார் சேகரிப்பு, மிலான்” என்பது பெயருமல்ல, ஆண்டுமல்ல. முதலில் இரண்டு வரிக்கும் ஆண்டு கேளுங்கள். பெயரை வெளியில் சொல்ல முடியாதென்றால் ரசீது, காப்பீட்டுத் தாள், கடன் கொடுத்த கண்காட்சியின் பெயர், இவற்றில் ஒன்றாவது காட்டட்டும்.

மரச்சட்டம்:

மேலே சொன்னதோடு, பின்பக்கத்தையும் நேரில் பார்க்கணும். ஃபிரேமைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில், நான்கு ஓரமும் தெரியும்படி படம் கேளுங்க. ஃபிரேமோடு எடுத்த படம் எதற்கும் உதவாது.

அந்த “அசல்” வரி எதன் மேல் எழுதியிருக்கு என்பதுதான் முதல் கேள்வி. கித்தான் துணி மேலேயே நேரடியாக எழுதியிருந்தால் நல்லது. ஒட்டிய தாள் மேலேயோ, கித்தானை இழுத்து அடிக்கும் உள் மரச்சட்டத்தின் மேலேயோ இருந்தால், வேறு ஓவியத்திலிருந்து கழற்றி இதில் மாட்டியிருக்க முடியும். சட்டத்தை மாற்றினால் முத்திரையும் சேர்ந்து மாறிவிடும்! பழைய கித்தானுக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டி லைனிங் செய்திருந்தால், எழுத்து புதுத் துணி மேல் இருக்கா, லைனிங் எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டே ஆகணும்.

அடுத்து ஆணி. ஓரத்தில் ஒரே வரிசை ஓட்டையா, இரண்டு வரிசையா? இரண்டு வரிசை என்றால் ஒருமுறையாவது கழற்றி மறுபடி இழுத்து அடிச்சிருக்காங்க. தப்பில்லை, ஆனா அதற்கு விளக்கம் வேணும். 1930கள் என்று சொல்லும் படத்தில் ஸ்டேப்பிள் பின் மட்டும் இருந்து, ஆணி அடித்த ஓட்டையே இல்லையென்றால் அந்த ஆண்டை நான் ஏற்க மாட்டேன்.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு ஒன்றை இருட்டறையில் பிடிச்சுப் பாருங்க. 1950 வாக்கில்தான் தாளிலும் துணியிலும் வெண்மையூட்டிகள் பரவலா வந்தது. அவை நீலவெள்ளையா பளிச்சென்று எரியும். 1930களின் லேபிள் என்று சொல்லும் தாள் அப்படி எரிந்தால் கதை முடிந்தது. முன்பக்கம் திருப்பி கையெழுத்தைப் பாருங்க. பழைய வார்னிஷ் பச்சையா மங்கலா ஒளிரும். கையெழுத்து அதற்கு மேலே கருப்பா மிதந்தால் பின்னால் சேர்த்தது.

நீலமணி:

இதோடு வண்ணப் பரிசோதனையும் செய்யலாம். டைட்டானியம் வெள்ளை கண்டுபிடித்துவிட்டால் போலி என்று உறுதியாகிவிடும், இல்லையா?

மரச்சட்டம்:

இல்லைங்க, அது 1910களின் படத்துக்குத்தான் பொருந்தும். ஓவியர்களின் டியூப் வண்ணத்தில் டைட்டானியம் வெள்ளை 1920களிலேயே புழக்கத்துக்கு வந்துட்டது. 1935 என்று சொல்லும் படத்தில் அது இருப்பதில் அதிசயம் இல்லை. அதிலும் இரண்டு வகை உண்டு. அனடேஸ் முதலில் வந்தது. ரூடைல் 1940 வாக்கில்தான் பரவியது. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி “டைட்டானியம் இருக்கு” என்று மட்டும் சொல்லும். எந்த வகை என்று பிரித்துச் சொல்ல, லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலை தேவை.

இந்தப் படத்தில் நான் முதலில் தேடச் சொல்வது வானத்தின் பச்சை கலந்த நீலத்தில். தாலோசயனின் என்ற செயற்கை நிறமியின் நீலம் 1935ல்தான் சந்தைக்கு வந்தது, பச்சை அதற்குச் சில ஆண்டு கழித்து. “1930களின் நடுப்பகுதி” என்று சொல்லும் இத்தாலியப் படத்தில் தாலோசயனின் பச்சை வந்தால் ஆண்டு பொய். இதற்கும் ராமன்தான். எக்ஸ்ரே ஒளிர்வு செம்பைக் காட்டும், ஆனா செம்பு பழைய பச்சைகளிலும் உண்டு, அதனால் குழம்பிடும். ஒன்றை மறக்காதீங்க: பிற்காலத்தில் யாராவது திருத்தித் தீட்டிய இடத்திலிருந்து மாதிரி எடுத்தால் முடிவு தலைகீழாகும். புற ஊதாவில் திருத்தம் இல்லாத இடம் என்று உறுதி செய்தபிறகே மாதிரி எடுக்கச் சொல்லுங்க.

செங்கோபுரம்:

நன்றி. விற்பவர் இப்போது இன்னொன்று சொல்கிறார்: புரூனியின் பொதுப் பட்டியலில் இந்தப் படம் இருக்கிறதாம். அது போதுமா?

ஃபெராரா_வாசல்:

கிளாடியோ புரூனி சக்ரைஷ்சிக் தொகுத்த தெ கீரிகோ ஓவியங்களின் பட்டியல், எலெக்தா வெளியீடு, 1971 முதல் 1987 வரை பல தொகுதிகளாக வந்தது. நல்ல ஆதாரம்தான். ஆனால் “இருக்கிறது” என்ற சொல்லை ஏற்காதீர்கள். தொகுதி எண், பட எண் இரண்டையும் வாங்கி, அந்தப் பக்கத்தின் நிழற்படத்தை இந்த ஓவியத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பியாட்சா திதாலியா’ என்ற ஒரே தலைப்பில் எத்தனையோ படங்கள். அளவும் பெரும்பாலும் ஒன்றுபோலவே வரும். வளைவுகளின் எண்ணிக்கை, சிலையின் நிழல் எந்த வளைவின் காலடியில் முடிகிறது, தூரத்தில் நிற்கும் இரண்டு மனிதர்களின் இடைவெளி, ரயிலின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, கொடிகள் எத்தனை, இதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு கொடி கூடினாலும் அது வேறு படம். பட்டியலில் போட்டிருக்கும் ஆண்டு விற்பவர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ரோமில் பியாட்சா தி ஸ்பான்யாவில் ஓவியர் வாழ்ந்த வீட்டில் இருக்கும் ஜோர்ஜோ, ஈசா தெ கீரிகோ பவுண்டேஷனிடம் காப்பக எண் இருக்கிறதா என்று தனியாகவும் கேட்கலாம். 1986ல் தொடங்கிய அமைப்பு அது.

நோட்டரிக்கு வருவோம். முத்திரையில் பெயர், தேதி, பதிவேட்டு எண் இருக்க வேண்டும். இத்தாலியில் நோட்டரி ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ அவருடைய பதிவேடுகள் அந்த மாவட்டத்து நோட்டரி காப்பகத்துக்குப் போய்விடும். அங்கே அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் அன்றைய தேதியில் அப்படியொரு பதிவு உண்டா என்று தெரிந்துவிடும். பதிவு பொருந்தி, எழுத்தும் இந்தக் கித்தான் மேலேயே இருந்தால் ஒன்று மட்டும் உறுதி: ஓவியம் அந்தத் தேதிக்கு முன்னால் முடிந்தது. முத்திரை 1968 என்றால், 1935க்கும் 1968க்கும் நடுவில் 33 ஆண்டு காலியாகவே கிடக்கிறது.

ஆவணக்கட்டு:

அந்தக் காலி இடத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். ஓவியம் உண்மையாகவே 1930களில் வரைந்தது என்றால் 1938 முதல் 1945 வரை யாரிடம் இருந்தது என்று எழுத்தில் வேண்டும். காஸ்தெல்ஃபிராங்கோவே யூதர், 1938ல், யூதர்களுக்கு எதிரான இத்தாலிய இனச் சட்டங்களின் காலத்தில்தான் ஃபுளோரன்ஸின் பித்தி அரண்மனைக் காட்சியகப் பொறுப்பை இழந்தார். அந்த ஆண்டுகளில் நெருக்கடியில் விற்கப்பட்ட படங்கள் ஏராளம். விற்றவர் யார், எதற்காக விற்றார் என்று தெரியாமல் வாங்கினால் பின்னால் வாரிசுகள் உரிமை கோரலாம்.

இன்னொரு வழி, யாரும் முதலில் யோசிப்பதில்லை. படம் லுகானோவுக்குப் போயிருக்கிறது, அதாவது இத்தாலியின் எல்லை தாண்டியிருக்கிறது. எந்தத் தாளில் தாண்டியது, எந்தத் தாளில் மிலானுக்குத் திரும்பியது என்று கேளுங்கள். இன்றைய சட்டப்படி 70 ஆண்டுக்கு மேற்பட்ட, 13,500 யூரோவைத் தாண்டிய படம் வெளியே போக ஏற்றுமதி அலுவலகத்தின் சுதந்திர நடமாட்டச் சான்று வேண்டும். 70 ஆண்டுக்குக் குறைந்ததென்றால் உரிமையாளரின் சுய அறிவிப்பே போதும். 2017க்கு முன்பு அந்த வரம்பு 50 ஆண்டு. சமீபத்தில் போன படத்துக்குச் சுய அறிவிப்பு மட்டுமே இருந்தால், அதில் வரைந்த ஆண்டு என்று என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். விற்பனைக் குறிப்பில் 1935, எல்லைத் தாளில் 1960 என்றால், இரண்டில் ஒன்றை எழுதியவர் பொய் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளைக் காட்டும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.