வானம் பார்க்காத மயிலிறகும் வானத்திலிருந்து விழுந்த ஸ்கைலாபும்

மணப்பாறையில் நான் மூன்றாவது, நாலாவது படித்த காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு விஞ்ஞானி இருந்தார். ஏழாவது படிக்கும் ஒரு அண்ணன். நாங்கள் அடித்த கூத்துகளில் முக்கால்வாசிக்கு மூலகாரணம் அவர்தான். சும்மா அள்ளிவிடுகிற ஆள் இல்லை. எதைச் சொன்னாலும் கூடவே ஒரு நிபந்தனையும் வைப்பார். சூட்சுமம் முழுக்க அந்த நிபந்தனையில்தான் இருந்தது என்பது எங்களுக்குப் பிடிபட ரொம்ப வருஷம் ஆனது.

முதலில் மயிலிறகு. இது தமிழ்நாட்டில் பாதிப் பேர் செய்ததுதான். ஆனால் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்திலேயே விராலிமலை. முருகன் கோயில் மலையைச் சுற்றி மயில்கள் சர்வசாதாரணமாகத் திரியும். தோகை உதிரும் காலத்தில் கோயிலுக்குப் போய்வருகிற யாராவது நாலு இறகு கொண்டுவந்துவிடுவார்கள். அதைப் புத்தகத்துக்குள் வைத்துப் பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டால் குட்டி போடும். நிபந்தனை என்னவென்றால், அதற்கு வானத்தைக் காட்டவே கூடாது. காட்டினால் மலடாகிவிடும்.

அதனால் நானும் தங்கையும் கட்டிலுக்கு அடியில் போய், தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, டார்ச் அடித்துத்தான் புத்தகத்தைத் திறப்போம். கட்டிலுக்கு அடியில் திருடன் புகுந்துவிட்டானோ என்று பாட்டி பயந்த நாளும் உண்டு. தங்கைக்கு ஒரு கட்டத்தில் இறகின் மேல் இரக்கம் வந்துவிட்டது. "பாவம், பென்சில் தூளையே எத்தனை நாளைக்குத்தான் திங்கும்?" என்று என் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு கவளம் தயிர்சாதத்தை வைத்து மூடிவிட்டாள். ஓரத்தில் கொஞ்சம் மாவடு வேறு. மறுநாள் வகுப்பில் புத்தகத்தைப் பிரித்தால் ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எறும்பு வரிசை பையிலிருந்து பெஞ்சுக்கும் பெஞ்சிலிருந்து பக்கத்துப் பையன் டவுசருக்கும் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

ஆனால் குட்டி போட்டதே! அதுதான் வேடிக்கை. ஒருநாள் ராத்திரி போர்வைக்குள் பார்த்தால் பெரிய இறகுக்குப் பக்கத்தில் பச்சையும் பழுப்புமாக மினுமினுத்துக்கொண்டு ஒரு சின்ன இழை. காய்ந்த இறகை இப்படித் தினமும் நோண்டினால் தண்டிலிருந்து இழை பிய்ந்து விழத்தானே செய்யும்? அது அப்போது யாருக்குத் தெரியும்! குட்டி யாருக்குச் சொந்தம் என்று பெரிய சண்டை. இறகு என்னுடையது, சோறு போட்டது அவள். வழக்கு அம்மாவிடம் போனது. அம்மா ஜன்னலைத் திறந்து இரண்டையும் வெளியே எறிந்தார். வானம் பார்த்துவிட்டது, கதை முடிந்தது.

அடுத்தது காந்தம். தண்டவாளத்தில் காசை வைத்து ரயில் ஏறினால் அது காந்தமாகிவிடும் என்றார் அண்ணன். திருச்சி–திண்டுக்கல் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 1977-இல் விட்ட வைகை எக்ஸ்பிரஸ் அப்போது புதுசு, மீட்டர்கேஜில் ஓடிக்கொண்டிருந்தது. பாசஞ்சர் ஏறினால் பலிக்காதாம், எக்ஸ்பிரஸ்தான் ஏற வேண்டுமாம். அதுவும் காசு இம்மிகூட நகரக் கூடாதாம். ஓரம் நெளிநெளியாக இருக்குமே, அந்தப் பத்துக் காசு. எச்சில் தொட்டு ஒட்டிவைத்துவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தோம். வண்டி போனதும் ஓடிப்போய் எடுத்தால் கை சுட்டது. சிங்கமும் இல்லை, எழுத்தும் இல்லை, வழவழவென்று ஒரு தகடு. அதைக் குண்டூசிப் பெட்டியில் போட்டுக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தோம், ஒரு ஊசி ஒட்டவில்லை.

"லேசா நகந்திருக்கும்டா" என்றார் அண்ணன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அந்தக் காலத்துப் பத்துக் காசு அலுமினியம். வைகை என்ன, நாட்டில் உள்ள அத்தனை எக்ஸ்பிரஸும் வரிசையாக ஏறினாலும் அது காந்தமாகாது. பத்துக் காசுக்கு எத்தனை தேன்மிட்டாய் என்று கணக்குப் போட்டால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. (என் பிள்ளைகள் யாராவது தண்டவாளத்துப் பக்கம் போயிருந்தால் தோலை உரித்திருப்பேன், அது வேறு விஷயம்.) அந்த அண்ணன் பிற்பாடு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனார். தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

கள்ளிப்பாலில் பென்சில் சீவலை ஊறவைத்து ரப்பர் செய்தது, சப்போட்டா விதையை முழுங்கிவிட்டு வயிற்றில் மரம் முளைக்காமலிருக்க தண்ணீர் குடிக்காமல் கிடந்தது, இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடந்திருக்கும், விட்டுவிடுகிறேன். ஸ்கைலாபுக்கு வருகிறேன்.

1979 ஜூலை. அமெரிக்கா 1973-இல் மேலே அனுப்பிய விண்வெளி நிலையம் கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். எழுபது டன்னுக்கு மேல் எடை. பெரியவர்களே ஆடிப்போயிருந்தார்கள். "சாகறதுதான் சாகறோம், தின்னுட்டுச் சாவோம்" என்று பக்கத்து வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியையே அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் தானாக எழுந்து நின்று, போன வருஷம் சாக்பீஸ் டப்பாவைத் திருடியது தான்தான் என்று ஒப்புக்கொண்டு அழுதான். வாத்தியாரும் அவனை அடிக்கவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் என்ன பயமோ.

அண்ணன் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். விழுவது நிச்சயம். ஆனால் கடனோடு செத்தவன் பேயாக அலைவான், கடனில்லாதவன் நேரே சொர்க்கம். எங்கள் தெருவில் அவரிடம் கோலி கடன் வாங்காதவனே கிடையாது. சோடா பாட்டிலிலிருந்து எடுத்த பச்சைக் கோலி உட்பட டப்பாவிலிருந்த மொத்தத்தையும் நான் கொட்டிக் கொடுத்தேன். வட்டியும் உண்டாம். வட்டிக்குப் பம்பரம் போனது. மனசு லேசாகிவிட்டது. சாகப்போகிறவனுக்கு எதற்கு வீட்டுப்பாடம் என்று அதையும் எழுதவில்லை.

ஜூலை 11 ராத்திரி நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்கே எஸ்பெரன்ஸ் பக்கத்திலும் துண்டு துண்டாக விழுந்து தொலைந்தது. ஊருக்குள் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு அந்த ஊர்க்காரர்கள் 400 டாலர் அபராதம் எழுதினார்களாம். விவரமானவர்கள். மணப்பாறையில் ஸ்கைலாப் விழவில்லை, வீட்டுப்பாடம் எழுதாததற்கு அடிதான் விழுந்தது.

சாயங்காலம் வீங்கிய கையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து என் பச்சைக் கோலியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதான் விழுந்திருச்சே. என் கோலியைக் குடுங்க."

"துண்டு துண்டாத்தானே விழுந்துச்சு?" என்றார். "மிச்சம் இன்னும் மேலதான்டா சுத்திட்டிருக்கு."